சிவப்பு ஆப்பும் அக்கரைப்பற்றுச் சம்பந்தமும்

அத்தியாயம் பன்னிரண்டு

வெள்ளிக்கிழமைகளில் றிஸ்கானின் ஹாட்வெயார் கடை பூட்டியிருக்கும். கடை பூட்டியிருந்தால் அவன் வீட்டில் இருப்பான். வீட்டில் இருக்கும் ஆம்பிளைக்கு வேலை கண்டுபிடிப்பதில் அவன் பெண்சாதி நிப்லாவை மிஞ்சக் கல்முனையில் ஆள் இல்லை.

இந்த வெள்ளி அவளுக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. மாமாவின் ஹோலில் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டிருக்கும் டிவியைத் துடைத்து, கிரிக்கெட் காட்டும் சிவப்பு ஆப் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்து வைக்க வேண்டும். ஜும்ஆ முடிந்ததும் பகல் சாப்பாட்டுக்கு அக்கரைப்பற்றிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவள் தங்கச்சி ஆகிலாவைக் கட்டப்போகிற பொடியனும் அவன் வாப்பாவும்.

"இஞ்சாருங்க, டிவி இடையில நிண்டுதெண்டா வாப்பா என்னத்தான் ஏசுவாரு. ஒங்கள ஏசமாட்டாரு, நீங்க மருமகன்," என்று சொல்லிவிட்டு அவள் சமையலைப் பார்க்கக் குசினிக்குள் போனாள்.

இந்த வளவுக்குள் இன்றைக்குத்தான் காலடி வைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. எங்கள் ஊர்ப்பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டில் வந்து குடியேறுவார். முஹ்ஸின் மாமாவுக்கு மூன்று பெண்மக்கள். ஆகவே மாமாவும் மாமியும் இருக்கும் பழைய வீட்டைச் சுற்றி அதே வளவில் இன்னும் மூன்று வீடுகள். மூத்தவளின் வீட்டில் அவள் புருஷன் இன்ஸாப். நடுவிலாள் நிப்லாவின் வீட்டில் நம்முடைய றிஸ்கான். பின்பக்கம், பூச்சு இன்னும் காயாமல் நிற்பது கடைக்குட்டி ஆகிலாவுக்கு. அந்த வீட்டைப் பார்த்துவிட்டுப் போகத்தான் இன்றைய விருந்து.

சகலன்மார் இருவரும் மூன்று கிழமையாக, அதாவது இருபது நாளுக்கு மேலாக, முகம் பார்த்துக் கதைப்பதில்லை. சண்டை காணியால் வரவில்லை, சீதனத்தால் வரவில்லை. கிரிக்கெட்டால் வந்தது.

கிரிக்கெட் பார்க்க இப்போதெல்லாம் ஒரு ஆப் காணாது. இலங்கையில் நடக்கும் ஆட்டம் நீல ஆப்பில். நம்முடைய ஆட்கள் வெளிநாட்டுக்குப் போனால் சிவப்பில். உதைபந்தாட்டம் பச்சையில், அதிலும் அரையிறுதி என்று வந்துவிட்டால் எங்கிருந்தோ மஞ்சள் நிறத்தில் ஒருவன் முளைத்து அதை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவான். இவற்றின் சொந்தப் பெயர் வளவில் யாருக்கும் வாயில் வராது. நிறத்தால் கூப்பிட்டால்தான் விளங்கும். எல்லாவற்றையும் ஒரே ஆள் வாங்கினால் மாதக் கடைசியில் வீட்டில் அடுப்பு எரியாது என்று கண்டு, பங்குபோட்டார்கள். நீலம் இன்ஸாப்புக்கு, சிவப்பு றிஸ்கானுக்கு, பச்சை மாமாவின் பெயரில். மாமா பச்சையில் இன்றுவரை ஒரு பந்தைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் வீட்டுத் தலைவர் என்ற முறையில் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். கடவுச்சொற்கள் மட்டும் வளவுக் கிணற்றைப் போல எல்லோருக்கும் பொது.

சில மாதத்துக்கு ஒருமுறை விலை கூடும். கூடும்போதெல்லாம், உங்களுக்கு இன்னும் சிறந்த அனுபவத்தைத் தருகிறோம் என்று ஒரு செய்தி வரும். சிவப்பு ஆப் கடைசியாகத் தந்த சிறந்த அனுபவம், மூன்று திரைகளில் பார்க்கலாம் என்று இருந்ததை ஒரு திரையாகக் குறைத்தது. பழையபடி மூன்று வேண்டுமென்றால் இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். றிஸ்கான் கொள்கை அடிப்படையில் மறுத்துவிட்டான். நிப்லா அந்தக் கொள்கைக்குக் கஞ்சத்தனம் என்று பெயர் வைத்தாள்.

அந்தக் கிழமையில்தான் ஒரு நல்ல ஆட்டத்தின் நடுவில் டிவி கறுத்துப்போய், இந்தக் கணக்கு வேறொரு திரையில் பார்க்கப்படுகிறது என்று எழுத்து வந்தது. அந்தத் திரை அக்கரைப்பற்றில் இருப்பதாக றிஸ்கானின் போன் அறிவித்தது. நெல் வியாபாரம் என்று வாரத்தில் பாதி நாள் அக்கரைப்பற்றில் கிடப்பவர் வளவில் ஒரே ஆள்தான், இன்ஸாப். ஊரானுக்கெல்லாம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு இங்கே ஒன்றும் தெரியாதவர் மாதிரி இருக்கிறார் என்று றிஸ்கானுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மதிலோரம் நின்று, சொல்லக் கூடாத ஒரு சொல்லைச் சொன்னான். கள்ளன் என்றான்.

இன்ஸாப் அவனைவிட வயதில் மூத்தவர், காக்கா என்று அவன் அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுபவர். மறுத்துக்கூடப் பேசவில்லை. தன் வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கே நீல ஆப்பின் கடவுச்சொல் மாறியது. பதிலுக்கு றிஸ்கானும் சிவப்பின் கடவுச்சொல்லை மாற்றினான். மாற்றத் தெரியாததால் ஆகிலாவிடம் போனைக் கொடுத்து மாற்றுவித்தான். அதன் பிறகு சில நாட்கள் அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தொந்தரவும் இல்லை. குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று அவன் முடிவு கட்டிக்கொண்டான்.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. இந்த அக்கரைப்பற்றுச் சம்பந்தத்தை மாமாவிடம் கொண்டுவந்தவரும் அதே இன்ஸாப்தான். ஜுனைட் ஹாஜியாரின் அரிசி ஆலைக்கு நெல் கொடுப்பவர் அவர். ஹாஜியாரின் மகன் ஸப்ரி நல்ல பொடியன், கம்பியூட்டர் படித்தவன் என்று பேச்சைத் தொடங்கிவைத்தவரும் அவரே.

மாமாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சம்பந்தம் என்றால் பெரியவர்கள் கேட்டுப் போய்ப் பெரியவர்கள் முடிக்க வேண்டும். பொடியனும் பிள்ளையும் முன்கூட்டியே கதைத்துப் பழகியது தெரிந்தால் அந்தப் பேச்சு அத்தோடு சரி. ஆகிலாவுக்கு வந்த முதல் சம்பந்தம் அப்படித்தான் முறிந்தது. அந்தப் பொடியன் செய்த குற்றம், அவளுக்கு ஒரு பெருநாள் வாழ்த்து அனுப்பியது. அதற்குப் பிறகு ஒரு வருடமாக ஆகிலா அறைக்கும் குசினிக்கும் இடையில் நிழல் மாதிரி நடமாடினாள். இந்தப் பேச்சு தொடங்கிய பிறகுதான் வீட்டில் அவள் சிரிக்கும் சத்தம் மறுபடி கேட்கிறது. இதுவும் கைநழுவினால் தங்கச்சி இனி எதற்கும் தலையாட்டமாட்டாள் என்று நிப்லாவுக்கு உள்ளூரப் பயம்.

அந்தப் பயத்துக்கு மேலே கிரிக்கெட் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜுனைட் ஹாஜியாருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். வெள்ளிக்கிழமை மூன்றாவது ஒருநாள் ஆட்டம், நம்மவர்கள் வங்கதேசத்தில், அதனால் அன்றைக்கு வர யோசனையாக இருக்கிறது என்று அவர் போனில் இழுத்திருக்கிறார். கிரிக்கெட்டில் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று தெரியாத மாமா, வீட்டையும் பாருங்கள், மேட்சையும் பாருங்கள், என்னுடைய மருமக்கள் உலகத்தில் இருக்கிற ஆப் எல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஜும்ஆ முடிந்து வந்தார்கள். ஹாஜியார் வாட்டசாட்டமான மனிதர், சிரித்தால் வயிறும் சேர்ந்து சிரிக்கும். ஸப்ரி ஒல்லியாக, கையில் போனோடு, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இரண்டு தரம் கால் தடுக்கினான். புது வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள். ஹாஜியார் சுவரைத் தட்டிப் பார்த்தார், தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தார், நல்ல காற்று வருகிறது என்றார். ஆட்டம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

சாப்பாட்டுக்கு ஒரே சஹன். நடுவில் சோறும் இறைச்சியும், சுற்றி ஐந்து ஆம்பிளைகள். மாமா, ஹாஜியார், ஸப்ரி, இரண்டு சகலன்மார். முகம் பார்க்காத இருவரை ஒரே தட்டில் முட்டக் குந்தவைத்தது மாமிக்குத் தெரியாமல் நடந்த காரியமல்ல என்று றிஸ்கான் சந்தேகப்பட்டான். அவன் தன் பக்கத்துச் சோற்றை மட்டும் கிண்டிக்கொண்டிருந்தான். நடுவிலிருந்த நல்ல இறைச்சித் துண்டொன்றை இன்ஸாப் பிய்த்து, பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு, றிஸ்கானின் பக்கம் தள்ளிவிட்டார். விருந்தாளிக்கு முன்னால் நடிக்கிறார் என்று றிஸ்கான் நினைத்தான். துண்டைச் சாப்பிட்டுவிட்டுத்தான் நினைத்தான்.

கை கழுவி, இனிப்புக்கு வட்டிலாப்பம் முடித்து, ஹாஜியார் சோஃபாவின் நடுவில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டார். றிஸ்கான் ரிமோட்டை அமுக்கினான்.

டிவி கறுத்தது. இந்தக் கணக்கு வேறொரு திரையில் பார்க்கப்படுகிறது.

மாமா றிஸ்கானைப் பார்த்தார். றிஸ்கான் இன்ஸாப்பைப் பார்த்தான். இன்ஸாப் தன் போனை எடுத்து, எல்லோரும் பார்க்க, நடு மேசையில் கவிழ்த்து வைத்தார். றிஸ்கானின் போனில் அறிவித்தல் வந்து விழுந்தது. இந்த முறை அந்தத் திரை கல்முனையில் இருக்கிறதாம். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நீலத்தில் பார்க்கலாமே என்று ஹாஜியார் ஆலோசனை சொன்னார். நீலத்துக்குப் புதிய கடவுச்சொல் வேண்டும். அது இன்ஸாப்பிடம் இருக்கிறது. இன்ஸாப் மாமாவின் பக்கம் திரும்பினார்.

"மாமா, ரிமோட்ட என்னட்டத் தரச் செல்லுங்க."

ரிமோட் றிஸ்கானின் கையிலிருந்து மாமாவின் கைக்கும், மாமாவின் கையிலிருந்து இன்ஸாப்பின் கைக்கும் போனது. டிவியில் கடவுச்சொல் தட்டுவது பெரிய வேலை. ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து நகர்ந்து பிடிக்க வேண்டும், பிடித்த எழுத்து ஒளிவுமறைவில்லாமல் பெரிதாகத் தெரியும். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். இன்ஸாப்பின் காது சிவந்துகொண்டு வந்தது. இடையில் நிறுத்திவிடப் பார்த்தார், ஆனால் அதற்குள் ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்க வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

"நான்... கள்ளன்... இல்ல. நான் கள்ளனில்ல. நல்ல பாஸ்வேர்ட் மருமகன், ஒருத்தரும் கண்டுபிடிக்க ஏலா."

ஹோலில் யாரும் சிரிக்கவில்லை. மாமா அந்த எழுத்துக்களைப் பார்த்தபடி இருந்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது. சண்டை நடந்தது அவருக்குத் தெரியும், அதில் விழுந்த சொல் இன்றைக்குத்தான் தெரிந்தது. றிஸ்கான் தலையைக் குனிந்துகொண்டான். ஆனாலும் கள்ளன் தன்னைக் கள்ளன் என்றா எழுதிவைப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

இவ்வளவு பாடுபட்டுத் திறந்த நீலத்தில், ஆட்டத்தின் சுருக்கம் நாளை வரும் என்று இருந்தது. பச்சையில், நாணயச் சுழற்சி முடிந்து இரண்டு தலைவர்களும் பேசியது மட்டும் இருந்தது. மஞ்சள், முதல் மாதம் இலவசம் என்று வரவேற்றுவிட்டு வங்கி அட்டையின் இலக்கத்தைக் கேட்டது. ஹாஜியார் உதவிக்குத் தன் பர்ஸை எடுத்தார். என் வீட்டுக்கு வந்த விருந்தாளி மேட்சுக்குக் காசு கட்டுவதா என்று மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் இருவரும் பர்ஸை அங்குமிங்கும் இழுத்தார்கள். முடிவில் பார்த்தால் மஞ்சளிலும் அந்த ஆட்டம் இல்லை.

"ரெண்டு விக்கட் போயிட்டு வாப்பா," என்றான் ஸப்ரி, சோஃபாவின் ஓரத்திலிருந்து.

எப்படித் தெரியும் என்று ஹாஜியார் கேட்டார். ஸ்கோர் மட்டும் போனில் வருகிறது என்றான் ஸப்ரி. அடுத்த ஓவரில், மிட் ஓஃபில் பிடி தவறிவிட்டது என்றான். ஸ்கோர் மட்டும் பார்க்கிறவனுக்குப் பிடி தவறியது எப்படித் தெரிந்தது என்று ஹாஜியார் யோசிக்கவில்லை. நம்மவர்கள் பிடியை விடுவது அவருக்குச் செய்தியே அல்ல.

வைஃபை பெட்டி சோஃபாவுக்குப் பின்னால் சுவரில் தொங்கியது. அதைக் கழற்றி மாட்டிப் பார்ப்போம் என்று றிஸ்கான் பின்பக்கம் போனான். குனிந்து வயரை இழுத்தபோது ஸப்ரியின் தோளுக்கு மேலாக அவன் கையிலிருந்த போன் தெரிந்தது. பந்து ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு ஆப். திரையின் மூலையில் ஒரு மீன் படம், பக்கத்தில் 'மாமா ஊடு' என்று எழுத்து.

மீன் படத்தைத் தெரிவுசெய்தது றிஸ்கானின் சின்ன மகள். மாமாவின் டிவிக்காக அந்தப் பெயரை எழுதியது றிஸ்கான்.

அவன் வயரைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். புதிய கடவுச்சொல் இந்த உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவனுக்கு, நிப்லாவுக்கு, மாற்றிக் கொடுத்த ஆகிலாவுக்கு. நிப்லா கடவுச்சொல்லை ஊருக்குக் கொடுக்கும் ஆளல்ல, அவளுக்கு அது ஞாபகமே இருக்காது. அப்படியென்றால்.

அறைக் கதவின் திரைச்சீலைக்குக் கீழே ஆகிலாவின் கால்விரல்கள் தெரிந்தன. மாமா சோஃபாவில், ஸப்ரிக்குப் பக்கத்தில், எட்டிப் பார்த்தால் போன் தெரிகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு பெருநாள் வாழ்த்துக்குச் சம்பந்தத்தை முறித்த மனிதர். சத்தம் போட்டால் ஆகிலா முடிந்தாள். போடாவிட்டால் டிவி வராது.

நல்லவேளை, பள்ளியில் அஸர் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். றிஸ்கான் தன் வாழ்நாளில் ஒரு வாங்கை அவ்வளவு நன்றியோடு கேட்டதில்லை. எல்லோரும் எழும்பினார்கள். போன்களை நிறுத்திவிட்டு வாருங்கள், பள்ளியில் சத்தம் போட்டால் மரைக்காயர் ஏசுவார் என்று அவன் பொதுவாகச் சொன்னான். ஸப்ரியைப் பார்த்து இன்னொரு தரம் சொன்னான்.

பள்ளித் தண்ணீர்த் தொட்டியான ஹவுழில் கைகால் கழுவி ஒழுச் செய்யும்போது அவன் ஸப்ரிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினான். மாமாவும் ஹாஜியாரும் மறுகரையில் இருந்தார்கள்.

"தம்பி, சிவப்பு ஆப்புல இப்ப ஒரு திரதான். நீங்க போன்ல பாத்தா எங்கட டிவி நிண்டிரும்."

ஸப்ரியின் கையிலிருந்த தண்ணீர் அப்படியே முழங்கையால் ஒழுகியது. "மச்சான்," என்றான். நிக்காஹ் நடக்கவில்லை, அதற்குள் மச்சான். "மூணு திர எண்டுதான் அவ செல்லிச்சா."

மெல்ல மெல்லக் கதை வந்தது. ஒலுவில் கெம்பஸில் இருவரும் ஒரே பெட்ச். கண்ணால் பார்த்ததைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. படித்து முடித்த பிறகு, அவள் வீட்டில் அடைந்து கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு, ஒரு மேட்சைப் பற்றி ஒரு வரி அனுப்பினான். அவளும் ஒரு வரி அனுப்பினாள். பிறகு அவன் அங்கேயும் அவள் இங்கேயும் ஒரே ஆட்டத்தைப் பார்த்து, விக்கட் விழும்போது ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வார்களாம். அவ்வளவுதானாம். அவளுக்குக் கிரிக்கெட் பிடிக்காது என்றும், அவனுக்காகப் பார்க்கிறாள் என்றும் சொல்லும்போது அவன் முகம் பிரகாசமாக இருந்தது. றிஸ்கானுக்குக் கோபப்பட வேண்டும் என்று தோன்றியது, முடியவில்லை. பதினொரு வருடத்தில் நிப்லா அவனுக்காக ஒரு ஓவர்கூடப் பார்த்ததில்லை.

தொழுதுவிட்டு வந்தபோது டிவி வேலை செய்தது. வைஃபை பெட்டிதான் கோளாறு என்று றிஸ்கான் அறிவித்தான், மாமா மருமகனின் கெட்டித்தனத்தைப் பற்றி ஹாஜியாரிடம் பெருமை அடித்துக்கொண்டார். ஸப்ரி தன் போனை ஜுப்பா பைக்குள் புதைத்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு மதரஸாப் பிள்ளையைப் போல இருந்தான். இன்ஸாப் மட்டும் டிவியைப் பார்க்காமல் இடைக்கிடை றிஸ்கானையே பார்த்தார்.

முதல் பாதி ஆட்டம் முடிந்ததும் ஹாஜியார் எழும்பினார். வீடு பிடித்திருக்கிறது, பிள்ளையை எங்கள் பெண்களுக்குப் போன கிழமையே பார்த்துப் பிடித்துவிட்டது, இனி நிக்காஹ்வுக்குத் திகதி சொல்வது உங்கள் பக்கம் என்றார். கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார் மாமா. மிச்ச ஆட்டத்தை என்ன செய்வீர்கள் என்று யாரோ கேட்டதற்கு, ஹாஜியார் வேனுக்குள் ஏறிக்கொண்டே சொன்னார்.

"ஊட்ட போய்ப் பாப்பம். என்ட மகன் எங்கயோ இருந்து எடுத்துப் போடுவான். எங்க இருந்தெண்டுதான் நான் கேக்கிறல்ல."

மஃரிப் தொழுதுவிட்டு றிஸ்கான் தன் வீட்டில் டிவிக்கு முன்னால் கால் நீட்டினான். நம்மவர்கள் துடுப்பெடுத்து ஆறு ஓவர் போயிருக்கும். திரை கறுத்தது. வேன் அக்கரைப்பற்றுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவனுக்கு விளங்கியது. ரிமோட்டை வைத்துவிட்டு எழும்பினான். ஏன் பார்க்கவில்லை என்று நிப்லா கேட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது. கண் வலிக்கிறது என்றான்.

உண்மையில் வலித்தது வேறு இடம். டிவியில் பெரிய எழுத்தில் கண்ட அந்த வரி கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு மனிதன் தினமும் ஆட்டம் பார்க்க உட்காரும்போதெல்லாம் தான் கள்ளனில்லை என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அதை எழுதவைத்தவன் தான் என்று நினைக்க வெட்கமாக இருந்தது. போய் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். ஆனால் அது நீங்கள் இல்லை என்று சொன்னால், வேறு யார் என்று இன்ஸாப் கேட்பார். சொன்னால் ஆகிலாவின் கதை வளவு முழுக்கப் போகும்.

இன்ஸாப் தன் வீட்டு முற்றத்தில் நெல் மூட்டைச் சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார். றிஸ்கான் போய்ப் பக்கத்தில் நின்றான்.

"காக்கா, அது நீங்க இல்ல."

இன்ஸாப் சாக்கை மடிப்பதை நிறுத்தவில்லை. "அப்ப ஆரு?"

"நான்தான். அக்கரைப்பற்றுல ஒரு கூட்டாளிக்குக் குடுத்துட்டு மறந்துட்டன்."

"எந்தக் கூட்டாளி?"

கடைக்குச் சாமான் கொண்டுவருகிறவர் என்றான் றிஸ்கான். பெயர் என்ன என்று கேட்டார் இன்ஸாப். அக்கரைப்பற்றில் ஆயிரம் ஆம்பிளைகளின் பெயர் இருக்கும். அந்த நேரத்தில் றிஸ்கானின் மண்டைக்குள் ஸப்ரி என்ற ஒரு பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை.

"ஒங்களுக்குப் பொய் செல்ல வராது, றிஸ்கான்," என்றார் இன்ஸாப். "அந்தப் பொடியன்ட போன நான் நம்மட சண்டைக்கு முந்தியே மில்லுல வச்சிப் பாத்துட்டன். மீன் படமும் மாமா ஊடும்."

றிஸ்கான் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்தான். அப்படியென்றால் அன்றைக்கு மதிலோரம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டான்.

"செல்லியிருந்தா நீங்க நிப்லாக்குச் செல்லுவீங்க. நிப்லா மாமிக்குச் செல்லும். மறுகா மாமாட காதுக்குப் போக எவ்வளவு நேரம்? அந்தப் புள்ள ஒரு வருசம் மூலைக்குள்ள குந்திட்டு இருந்தத நானும்தானே பாத்த. அதான் ஒண்டும் கதைக்காம போய், ஹாஜியார்ர காதுல மெல்ல சம்பந்தக் கதையப் போட்டன்." சாக்கை ஒரு முறை உதறினார். "ஆனா கள்ளன் எண்டு ஒங்கட வாயால கேட்டது லேசில்ல. ஆருட்டயும் செல்ல ஏலா. டிவிக்குத்தான் செல்லிட்டு இருந்தன்."

றிஸ்கானுக்குக் கண் நிறைந்துவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் காக்கா என்று சொன்னது அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. மன்னிக்கிறேன், ஆனால் கொஞ்சம் கூடக் காசைக் கட்டி மூன்று திரையை எடுத்துத் தொலையுங்கள் என்றார் இன்ஸாப். இரண்டு பேரும் சிரித்தார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு அந்த முற்றத்தில் சகலன்மார் சிரிக்கும் சத்தம் கேட்டு மூத்தவள் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மூடினாள்.

அப்போது மாமா பழைய வீட்டிலிருந்து போனைக் கையில் பிடித்தபடி வந்தார். இரண்டு மருமக்களும் மரியாதைக்கு எழும்பி நின்றார்கள். மாமா இன்ஸாப்புக்கு முன்னால் வந்து நின்றார். எப்போதும் அதட்டும் மனிதரின் குரல் இறங்கியிருந்தது.

"மருமகன், இண்டைக்கு என்ட ஹோல்ல வச்சி, விருந்தாளிக்கு முன்னால, நீங்க கள்ளனில்ல எண்டு எழுத வேண்டி வந்திச்சி. எனக்கு அதுக்குப் பொறகு ஒண்டும் எறங்கல்ல. என்ட மூத்த மருமகன்ட பேரு சுத்தமாகாம நான் ஆகிலாட நிக்காஹ்வுக்குத் திகதி செல்லமாட்டன். சம்மந்திக்கும் இப்ப கோல் எடுத்துச் செல்லிட்டன்."

அது ஒன்றும் வேண்டாம் மாமா, நாங்கள் பேசித் தீர்த்துவிட்டோம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மாமா கையை உயர்த்தினார்.

"நீங்க தீத்தாக் காணுமா? அந்தக் கள்ளன் அக்கரைப்பற்றுலதானே இரிக்கான். சம்மந்தி செல்றாரு, அவர்ர மகனுக்கு இந்த வேல நல்லாத் தெரியுமாம். எந்தப் போன், ஆர்ர போன், ஆரு குடுத்த எண்டு எல்லாத்தையும் டிவியிலயே எடுத்துக் காட்ட ஏலுமாம். ஞாயிற்றுக்கிழம அஸருக்குப் பொறகு ரெண்டு பேரும் வாறாங்க. எனக்கு முன்னால வச்சித்தான் தேடணும் எண்டு கண்டிசனாச் செல்லிட்டன்."

றிஸ்கான் இன்ஸாப்பைப் பார்த்தான். இன்ஸாப் றிஸ்கானைப் பார்த்தார்.

"ஸப்ரியும் ஓமெண்டு செல்லிட்டாரா, மாமா?" என்று றிஸ்கான் மெல்லக் கேட்டான்.

"ஓம். கொஞ்சம் யோசிச்சித்தான் ஓமெண்டானாம்," என்றார் மாமா திருப்தியோடு. "அவசரப்பட்டு வாக்குக் குடுக்காத பொடியன். எனக்கு அவன நல்லாப் புடிச்சிட்டு."